சுவிட்சர்லாந்துக்கு முதல் பயணம்: ரயில் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

சுவிட்சர்லாந்து போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அங்கே ஒரு காபி 5 பிராங்க் அளவில் இருக்கும். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒருவருக்கு 25, 30 பிராங்க் ஆகிவிடும். ஒரு பிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனாலும் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது காபியும் சாப்பாடும் அல்ல. எங்கே தங்குகிறோம், எந்த ரயில் பாஸ் வாங்குகிறோம், எந்த நாளில் மலை ஏறுகிறோம் என்ற மூன்று முடிவுகள்தான். முதல் இரண்டையும் வீட்டில் இருந்தபடியே எடுத்துவிடுங்கள். மூன்றாவதை மட்டும் அங்கே போய், அன்றன்று காலையில் வானத்தைப் பார்த்து எடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இந்த மூன்று முடிவுகளைப் பற்றித்தான்.

நாட்டைப் பற்றிக் கொஞ்சம்

பரப்பளவு 41,285 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மக்கள் தொகை சுமார் 90 லட்சம். கன்டோன் என்று சொல்லப்படும் 26 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமன்றம், தனி வரி, தனிப் பள்ளி விடுமுறை, தனி அரசு விடுமுறை நாட்கள். ஒரு ஊரில் கடை பூட்டியிருக்கும் நாளில் அரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் அடுத்த ஊரில் எல்லாம் திறந்திருக்கலாம். நாடாளுமன்றமும் அமைச்சரவையும் இருப்பது பெர்னில். சூரிச்சும் ஜெனீவாவும் பெரிய நகரங்கள், அவ்வளவுதான்.

தேசிய மொழிகள் நான்கு: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ். சூரிச், லூசெர்ன், இன்டர்லாக்கன், ஸெர்மாட் பக்கமெல்லாம் ஜெர்மன். ஜெனீவா, லொசான் பக்கம் பிரெஞ்சு. தெற்கே லுகானோவில் இத்தாலியன். சுற்றுலா ஊர்களில் ஆங்கிலம் தெரிந்தால் போதும், சிரமமே இருக்காது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் 2008 முதல் இருக்கிறது. அதனால் ஷெங்கன் விசா செல்லும், ஆனால் யூரோ அங்கே நாணயம் இல்லை. ஐரோப்பாவுக்கென்று வாங்கிய சிம் கார்டு பல நேரம் இங்கே வேலை செய்யாது, அல்லது தனிக் கட்டணம் பிடிக்கும். பிரான்ஸ், இத்தாலியோடு சேர்த்துச் சுற்றுகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே சிம் திட்டத்தில் சுவிட்சர்லாந்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சம இரவுகள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். சுவிட்சர்லாந்தில் இரண்டு இரவும் இத்தாலியில் ஐந்து இரவும் வைத்துக்கொண்டு சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த 15 நாளை நம்பிக் காத்திருக்காதீர்கள். கோடை சீசனில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம், சில விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 45 நாள் வரை எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்திலேயே சுவிஸ் விண்ணப்பம் கொடுக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கூடவே விமான முன்பதிவு, தங்கும் இடத்தின் முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம். இவற்றோடு நாள்வாரியான பயணத் திட்டம் ஒன்றும் வைக்க வேண்டும். அதில் எழுதிய ஊர்களும் ஹோட்டல் முன்பதிவுகளும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். விமானப் பயணச்சீட்டையும் ஹோட்டலையும் ரத்து செய்ய முடிகிற வகையில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் அவருடைய அழைப்புக் கடிதம் வேண்டும். தூதரகம் கேட்டால், உங்கள் செலவுகளுக்கு 30,000 பிராங்க் வரை தானே பொறுப்பு என்று அவர் அங்குள்ள அதிகாரிகளிடம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இதற்கும் சில வாரங்கள் பிடிக்கும், எனவே முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள்.

எந்த மாதம்?

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை எல்லாமே திறந்திருக்கும். மலைப் பாதைகளில் நடக்கலாம், படகுகள் முழு அட்டவணையில் ஓடும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச்சறுக்குக் காலம், தங்கும் அறை விலை ஏறியிருக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் சிறந்த மாதம். கூட்டம் குறைந்து வானம் தெளிந்திருக்கும், பகலும் போதுமான அளவு நீளமாக இருக்கும்.

நம் ஊரில் பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் குடும்பமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் பனிச்சறுக்குக் காலத்துக்கும் கோடைக்கும் நடுவே பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். நவம்பரிலும் அப்படித்தான். நீங்கள் போக நினைக்கும் சிகரம் அந்த வாரத்தில் இயங்குகிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டு அறை எடுங்கள். உயரமான இடங்களில் நடைபாதைகள் மீது இன்னும் பனி கிடக்கும். ஈடாக மே, ஜூனில் கிடைப்பது அருவி. பனி உருகி, அருவிகளில் தண்ணீர் பொங்கிக்கொண்டு இறங்கும். இன்டர்லாக்கன் பக்கத்தில் இருக்கும் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

எங்கே தங்குவது?

ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு ஊர் போதும். தினம் ஒரு ஊர் மாறி, பெட்டியை மூட்டை கட்டி அவிழ்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். இது சின்ன நாடு. சூரிச்சிலிருந்து பெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சூரிச்சிலிருந்து லூசெர்னுக்கு முக்கால் மணி நேரம். பெர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கும் ஒரு மணி நேரத்துக்குள்தான். கிழக்கே சூரிச்சில் ஏறி மேற்கே ஜெனீவாவில் இறங்கினாலும் மூன்று மணி நேரம் ஆகாது.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது: மூன்று இரவு லூசெர்ன், நான்கு இரவு இன்டர்லாக்கன் பக்கம். லூசெர்னிலிருந்து ரிகி, பிலாட்டஸ், டிட்லிஸ் என மூன்று மலைகளுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். இன்டர்லாக்கனில் அறை விலை அதிகமாக இருந்தால் அருகிலுள்ள ஷ்பீட்ஸ், துன் ஊர்களில் பாருங்கள். இரண்டுமே ஏரிக்கரை, இரண்டிலும் ரயில் அடிக்கடி உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு எடுத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும்.

அறை எடுக்கும்போது "விருந்தினர் அட்டை தருவீர்களா?" என்று கேளுங்கள். ஜெனீவா, பெர்ன், பாசல் நகரங்களில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு உள்ளூர் டிராம், பேருந்து இலவசம். தெற்கே டிச்சினோ மாநிலத்தில் தங்கினால் அந்த மாநிலம் முழுவதற்குமான ரயில், பேருந்துப் பயணமே இலவசமாகக் கிடைக்கிறது. அறை வாடகையோடு சேர்ந்த சுற்றுலா வரிக்கு ஈடாகத்தான் இதைத் தருகிறார்கள், எனவே கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ரயில்

நிதானமாகப் படித்து முடிவெடுக்க வேண்டிய பகுதி இதுதான்.

முதலில் எஸ்பிபி மொபைல் என்ற செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அது சுவிஸ் அரசு ரயில்வேயின் செயலி. ரயில் மட்டுமல்ல, மஞ்சள் நிறத் தபால் பேருந்து, ஏரிப் படகு, மலை ரயில், கேபிள் கார் எல்லாவற்றின் நேரமும் அதில் ஒரே வரிசையில் வரும். நாடு முழுவதும் 1982 முதல் ஒரே சீரான கால இடைவெளியில் ரயில் விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஊரில் 9.02க்கு ரயில் என்றால் 10.02, 11.02 என்று நாள் முழுக்க அதே நிமிடத்தில்தான். பெரிய சந்திப்புகளில் பல திசை ரயில்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து, ஆள் மாறியதும் கிளம்பும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் செயலி "மாறுவதற்கு 6 நிமிடம்" என்று காட்டினால் பயப்படாதீர்கள். அந்த 6 நிமிடத்தைக் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். தவறவிட்டாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடுத்த ரயில் வந்துவிடும்.

சாதாரண ரயில்களில் இருக்கை முன்பதிவு தேவையில்லை. பயணச்சீட்டு என்பது பாதைக்கு, குறிப்பிட்ட ரயிலுக்கு அல்ல. முன்கூட்டியே மலிவாக விற்கும் சேவர் டிக்கெட் மட்டும் விதிவிலக்கு, அதில் போட்டிருக்கும் ரயிலில்தான் ஏற வேண்டும். நடைமேடைக்குள் நுழைய கதவோ தடுப்போ கிடையாது. ஆனால் ரயிலுக்குள் பரிசோதகர் வருவார். ஏறிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது, நல்ல அபராதம் விழும். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பெட்டியில் பெரிதாக 1 என்று எழுதி, மேலே மஞ்சள் கோடு இருந்தால் அது முதல் வகுப்பு.

சரி, எந்த பாஸ்? சுற்றுலாப் பயணிகளுக்கு முக்கியமாக இரண்டு.

ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். அந்த நாட்களில் ரயில், பேருந்து, படகு, நகர டிராம் எதிலும் ஏறி இறங்கலாம். 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கு நுழைவும் அதற்குள்ளேயே. ரிகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஸ்டோஸ் மலைகளுக்குப் போய்வரும் செலவும் அதில் அடங்கும். மற்ற பெரும்பாலான மலை ரயில்களில் பாதிக் கட்டணம். ஆனால் இன்டர்லாக்கன் பக்கம் பனிமலை உச்சியில் இருக்கும் ரயில் நிலையமான யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டும் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊரைத் தாண்டிய பிறகு 25 சதவீதத் தள்ளுபடிதான்.

ஹாஃப் ஃபேர் கார்டு ஒரு மாதம் செல்லும். ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக்குக்கும் பாதிதான். இந்த அட்டை இருந்தால், ஒரு நாள் முழுக்க நாடெங்கும் சுற்றும் சேவர் டே பாஸை முன்கூட்டியே எடுத்து இன்னும் மலிவாக்கிக்கொள்ளலாம். எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறோமோ அவ்வளவு விலை குறைவு, ஆறு மாதம் முன்பே விற்பனை தொடங்கிவிடும்.

எது லாபம் என்று ஊகித்துப் பார்க்காதீர்கள், ஒரு தாளில் எழுதுங்கள். போகப் போகும் ஒவ்வொரு பாதைக்கும் செயலியில் முழுக் கட்டணம் பார்த்துக் கூட்டுங்கள். அதில் பாதியோடு ஹாஃப் ஃபேர் கார்டின் விலையைச் சேர்த்தால் ஒரு தொகை வரும். அதை டிராவல் பாஸ் விலை, அதோடு பாஸில் அடங்காத மலைகளுக்குத் தனியாகக் கட்டும் பணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். தினமும் நீண்ட தூரம் சுற்றி, படகும் அருங்காட்சியகமும் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் டிராவல் பாஸ் சரியாக வரும். ஒரே இடத்தில் தங்கி, விலை கூடிய சிகரங்களுக்கு ஏறுகிறவர்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டுதான் வெல்லும்.

குழந்தைகள் இருந்தால் மகிழ்ச்சியான செய்தி. இந்த இரண்டில் எதை வாங்கினாலும் ஃபேமிலி கார்டு இலவசமாகக் கேட்டு வாங்கலாம். 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள், பெற்றோரில் ஒருவராவது கூட இருந்தால், கட்டணமில்லாமல் வரலாம். பாஸ் வாங்கும்போதே கேட்க வேண்டும், பிறகு கேட்பது சிரமம். சுவிட்சர்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு டிராவல் பாஸ் கிடையாது. அங்கே இருக்கும் மாமா, சித்தி உங்களோடு வந்தால் அவர்களுக்குத் தனிக் கணக்கு.

கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு காட்சி ரயில்களையும் பற்றி எல்லாரும் கேட்பார்கள். இவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, அவற்றுக்கு முன்பதிவு இல்லை. பெர்னினா பாதைக்கு நான் சாதாரண ரயிலைத்தான் சொல்வேன். அதில் பல பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம், கண்ணாடியில் நம் முகம் தெரியாமல் படம் எடுக்கலாம். சூர் நகரத்தில் ஏறினால் வழியில் லாண்ட்வாஸர் பாலம். 65 மீட்டர் உயரத்தில் வளைந்து, நேரே ஒரு பாறைச் சுவருக்குள் ரயில் நுழையும். பிறகு கடல்மட்டத்திலிருந்து 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்ஸியோ பெர்னினா. அங்கிருந்து, செங்குத்தான மலை ரயில்களில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் பல் சக்கரம் எதுவும் இல்லாமல், 429 மீட்டரில் இருக்கும் இத்தாலிய ஊர் டிரானோ வரை வளைந்து வளைந்து இறங்கும். காலையில் பனி ஏரி, மதியம் இத்தாலியில் பனைமரம். இந்தப் பாதை 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

தெற்கே லுகானோ போகிறவர்கள் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தில் போவார்கள். 2016இல் திறந்த இது உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். வேகமாகப் போகும், ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு வழியாவது கோஷனன் வழியாகப் போகும் பழைய மலைப்பாதையில் வாருங்கள். அதில் வாஸன் என்ற கிராமத்துத் தேவாலயம் மூன்று முறை தெரியும். முதலில் தலைக்கு மேலே, பிறகு நேர் எதிரே, கடைசியில் காலுக்குக் கீழே. ரயில் மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறுவதால் அப்படி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இதைத் தவறவிடாதீர்கள்.

மலை ஏறும் நாள்

யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1896இல் தொடங்கி 16 ஆண்டுகள் பாறையைக் குடைந்து 1912இல் திறந்தார்கள். மேலே நின்றால் ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமான ஆலெட்ஷ் பனியாறு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீளும். தள்ளுபடி இல்லாமல் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர 200 பிராங்கைத் தாண்டும். இவ்வளவு கொடுத்து மேலே போனால் மேகம் சூழ்ந்து வெள்ளைச் சுவர் மட்டும் தெரிவது அடிக்கடி நடக்கிறது.

அதனால்தான் மலைக்கு நாள் குறிக்காதீர்கள் என்கிறேன். நான்கு இரவு தங்கினால் மூன்று நாள் கையில் இருக்கும். சுற்றுலாச் சிகரங்களில் பெரும்பாலும் நேரடிக் கேமரா உண்டு, படம் இணையத்தில் இலவசமாகத் தெரியும். காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள், தெளிவாக இருந்தால் உடனே கிளம்புங்கள். கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி இருந்தும் மேலே பளிச்சென்று வெயில் அடிப்பதுண்டு, எனவே ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவிஸ் வானிலைத் துறையின் முன்னறிவிப்பும் நம்பகமானது. மேகமூட்டமான நாளை பெர்னுக்கோ லூசெர்ன் பழைய நகரத்துக்கோ ஒதுக்குங்கள். சென்னையிலேயே தேதி போட்டு மலைச்சீட்டு வாங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தலைவலியோ மயக்கமோ வந்தால் கீழே இறங்கிவிடுங்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஜூலையிலும் மேலே பனிதான். கறுப்புக் கண்ணாடி, கம்பளிச் சட்டை, வழுக்காத காலணி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இந்திய உணவகமும் இருக்கிறது.

யுங்ஃப்ராவ்யோக் மட்டும்தான் மலை என்று நினைக்க வேண்டாம். ஸெர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் 3,089 மீட்டர். 1898 முதல் ஓடும் பல்சக்கர மின்ரயிலில் ஏறினால் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் எதிரே நிற்கும். ஸெர்மாட்டில் பெட்ரோல் கார்களுக்கு அனுமதியில்லை, ரயிலில்தான் நுழைய வேண்டும். பிலாட்டஸ் ரயில் 1889இல் திறந்தது, 48 சதவீதச் சரிவில் ஏறும், பல்சக்கர ரயில்களில் உலகிலேயே செங்குத்தானது. பனிக்காலத்தில் அது ஓடாது, மறுபக்கக் கேபிள் கார் இருக்கும். டிட்லிஸில் சுழலும் கேபிள் கார். பணத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றால் ரிகி போதும். 1871இல் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் ஏறியது அங்கேதான், டிராவல் பாஸில் அடக்கம், காட்சியிலும் குறையில்லை.

நடக்க விரும்பினால் மஞ்சள் பலகை உள்ள பாதைகளில் யாரும் நடக்கலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோடு போட்டிருந்தால் மலைப்பாதை, நல்ல காலணியும் உயரப் பயம் இல்லாத மனமும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது.

காசு அதிகம் போகாத இடங்கள்

லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்பார்கள். ஷ்டவுப்பாக் அருவி 297 மீட்டர், ஊருக்கு மேலேயே விழுகிறது. பார்க்கக் கட்டணமில்லை. ஷாஃப்ஹவுசன் அருகே ரைன் அருவி 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரம், வடகரையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். பெர்னின் பழைய நகரத்தில் கடைத்தெரு முழுக்க வளைவு மண்டபங்கள், மழையிலும் நனையாமல் நடக்கலாம். கிராம்காஸே 49ஆம் எண் வீட்டில்தான் ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்தார். கோடையில் உள்ளூர்க்காரர்கள் ஆரே ஆற்றில் மிதந்து போவதைப் பார்ப்பீர்கள். இழுப்பு பலமானது, நீச்சலில் தேர்ந்தவர்கள் மட்டும் இறங்குங்கள்.

ஜெனீவா போனால் 18ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போங்கள், அங்கேதான் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம். 2023இல் திறந்த அறிவியல் காட்சியகத்துக்கு நுழைவு இலவசம், திங்கள் விடுமுறை. ஆய்வகத்தின் உள்வளாகத்தில் 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த 2 மீட்டர் உயர நடராசர் நிற்கிறார்.

சாப்பாடு

மிக்ரோஸ், கோப் என்ற இரண்டு கடைகளின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, தயிர், பாலாடைக்கட்டி, பழம், சாலட் எல்லாம் அங்கே தரமாகக் கிடைக்கும். இவற்றின் பெரிய கிளைகளில் தாமே எடுத்துச் சாப்பிடும் உணவகமும் உண்டு, மற்ற உணவகங்களைவிட மலிவு. மாலையில் கடை மூடுவதற்கு முன்பு 25, 50 சதவீதத் தள்ளுபடி ஒட்டிய உணவுப் பொட்டலங்களைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரும் தெருவில் இருக்கும் நீரூற்றுகளும் குடிக்க நல்லவை. சூரிச்சில் மட்டும் இப்படி 1,200க்கும் மேற்பட்ட ஊற்றுகள். குடிநீர் இல்லை என்றால் பலகை வைத்திருப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஜெர்மன் பகுதியில் "வெஜிடாரிஷ்" என்று கேளுங்கள். உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ரோஷ்டி நன்றாக இருக்கும், பன்றிக்கறி சேர்க்காமல் தரச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டியை உருக்கித் தரும் ஃபோன்டூவில் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள். மது வேண்டாதவர்கள், உருக்கிய பாலாடைக்கட்டியை உருளைக்கிழங்கோடு தரும் ராக்லெட் கேட்கலாம். சூரிச்சில் ஹில்ட்ல் என்ற சைவ உணவகம் 1898 முதல் நடக்கிறது, உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸில் இடம் பெற்றது. அங்கே உணவை எடைக்கு எடுத்துச் சாப்பிடலாம்.

நம் சமையல் வேண்டும் என்றாலும் வழி உண்டு. 1983க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத்தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 50,000 பேர் இங்கே வாழ்கிறார்கள். சூரிச், பெர்ன், பாசல் நகரங்களில் தமிழ்க் கடைகளில் அரிசி மா, கறித்தூள், முருங்கைக்காய் வரை கிடைக்கும். பெர்னில் ஐரோப்பா சதுக்கத்தில் இருக்கும் சமயங்களின் இல்லத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 2014இல் திறந்தது. ஒரே கட்டடத்துக்குள் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரையோடு சைவநெறிக்கூடம் என்ற தமிழ் அமைப்பு நடத்தும் சிவன் கோயிலும் இருக்கிறது. பூசை தமிழில் நடக்கும்.

சில்லறை விஷயங்கள்

அட்டை எல்லா இடத்திலும் செல்லும். இயந்திரம் "ரூபாயிலா, பிராங்கிலா?" என்று கேட்டால் பிராங்கைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம். ரயில் நிலையக் கழிப்பறைக்கு 1, 2 பிராங்க் கேட்பார்கள், ரயிலுக்குள் இலவசம். மின்சாரம் 230 வோல்ட், ஆனால் சுவிஸ் மின்துளை தனி வடிவம். நம் ஊர் உருண்டை மூன்று முனை பிளக் நுழையாது, சுவிஸ் வடிவ அடாப்டர் வேண்டும். நேரத்தில் கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கும்.

கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்வது அங்கே வழக்கம், ஜெர்மன் பகுதியில் "குரூயெட்ஸி", பிரெஞ்சுப் பகுதியில் "போன்ஷூர்". இரவு 10 மணிக்கு மேல் தங்குமிடத்தில் சத்தம் கூடாது. ரயிலில் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசாதீர்கள். உணவக விலையிலேயே சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறது, விரும்பினால் முழுத்தொகையாக்கிக் கொடுக்கலாம்.

அவசர எண்கள்: பொது 112, போலீஸ் 117, தீயணைப்பு 118, ஆம்புலன்ஸ் 144. மலையில் விபத்து என்றால் ரேகா ஹெலிகாப்டர் மீட்பு 1414. ஹெலிகாப்டர் செலவை உங்கள் காப்பீடு ஏற்கிறதா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

திரும்பும் நாள்

சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், நகர மையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஜெனீவாவில் ஏழு நிமிடம். டாக்ஸி தேவையே இல்லை. பாஸின் கடைசி நாளும் விமான நாளும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இதற்குத் தனிச் சீட்டும் வேண்டாம். ஒரே கடையில் ஒரே முறை 300 பிராங்குக்கு மேல் பொருள் வாங்கியிருந்தால் விலையோடு சேர்ந்த 8.1 சதவீத விற்பனை வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். கடையிலேயே படிவம் கேட்டு வாங்கி, பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்பு சுங்கத்தில் முத்திரை வாங்குங்கள். பெட்டி உள்ளே போய்விட்டால் பொருளைக் காட்ட முடியாது. சாக்லேட்டை விமான நிலையத்துக்கு விட்டுவைக்காமல் முந்தின நாளே மிக்ரோஸிலோ கோப்பிலோ வாங்குங்கள், நல்ல சாக்லேட்டே விலை குறைவாகக் கிடைக்கும். ஃபோன்டூ பொட்டலம், ஜாம் எல்லாம் திரவக் கணக்கில் வரும், கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.